கேத்தலில் பூத்த தேயிலை

"இதுல தேத்தண்ணி ஊத்துனா, கேத்தல் நெறையுறதுக்கு முன்னுக்கே மூக்கு வழியா வழிஞ்சிருமே புள்ள."

இரண்டு கிழமையாகப் பின்னிய கேத்தலை மேசையில் வைத்துவிட்டு, ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்து நின்ற என்னிடம் அம்மா சொன்னது இதுதான். அது நூல் கேத்தல். உள்ளே அடைத்திருப்பது பஞ்சு. அதில் யார் தேத்தண்ணி ஊற்றப் போகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கண் அந்த மூக்கில் போய் விழுந்துவிட்டது. அம்மா சொன்னது சரிதான். மூக்கின் நுனி, கேத்தல் வாயை விட இரண்டு விரல் தாழ்ந்து கிடந்தது. தண்ணீர் எங்கும் ஒரே மட்டத்தில்தானே நிற்கும்? மூக்கு தாழ்ந்தால் மீதி வெளியேதான். அலமாரிக்கு மட்டும் போகும் கேத்தலென்றாலும், ஒருமுறை கண்ணில் பட்ட பிழையைக் காணாததுபோல் இருக்க என்னால் முடியாது. மூக்கைப் பிரித்தேன். நூலைப் பிரிக்கும்போது வரும் அந்தச் சரசரப்பு இருக்கிறதே, ஒரு மாலை முழுவதும் போட்ட வேலை அரை நிமிடத்தில் மடியில் சுருண்டு கிடக்கும்.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அம்மா 34 வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். எனக்குக் கொழுந்துக் கூடை தலையில் ஏறவில்லை; கொக்கி ஊசி கைக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்தில் பிடித்துக்கொண்ட ஊசி அது. குழந்தைத் தொப்பி, சாவிக்கொத்து, மேசை விரிப்பு என்று சின்னச் சின்ன ஓடர் வரும். அப்படித்தான் டொரண்டோவில் இருக்கும் ஓர் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், போனில் கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் தேயிலை நாட்டில இருக்கிறியள். எனக்கொரு டீ செட் பின்னித் தருவியளோ? பூப் போட்டதா இருக்கவேணும்." கூடவே நாலைந்து படங்கள். எல்லாவற்றிலும் ரோஜா. கேத்தல் மூடியில் ரோஜா, கோப்பையில் ரோஜா, பீரிசின் ஓரமெல்லாம் ரோஜா இலை. ஒரு கேத்தல், நாலு கோப்பை, நாலு பீரிஸ், ஒரு சீனிக் கிண்ணம் என்று பேசி முடித்தோம்.

கொக்கி ஊசி வேலையில் பாதி கணக்கு, மீதி கைப்பதம். கேத்தலின் அடி ஒரு வட்டம்தான். மெஜிக் ரிங் என்று சொல்லும் இழுத்து இறுக்கும் வளையத்துக்குள் 6 கண், அதாவது ஆறு பின்னல் தையல், போட வேண்டும். அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18, 24, 30. சுற்றுக்கு 6 கண் கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாகப் படியும். கூட்டுவதைக் குறைத்தால் கிண்ணம்போலக் குழியும், அளவுக்கு மிஞ்சினால் பாவாடைக் கொசுவம்போல அலையும். கோப்பைக்கு 30 கண்ணில் கூட்டுவதை நிறுத்திவிட்டு, அடுத்த ஒரு சுற்றைக் கண்ணின் பின்பக்க இழையை மட்டும் பிடித்துப் பின்ன வேண்டும். அங்கே ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பு இருந்தால்தான் கோப்பை மேசையில் நிற்கும், இல்லாவிட்டால் முட்டைபோல உருளும். இந்த இடத்தைப் பின்னும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். அதுவரை கோஸ்டர்போலக் கிடந்த துண்டு, இரண்டே சுற்றில் சுவரை எழுப்பிக்கொண்டு எழும்பி வரும்.

மூக்குதான் வில்லங்கம். நுனியில் 8 கண், அடியில் 18. நேராகப் பின்னினால் குழாய் மாதிரி இருக்கும். வளைய வேண்டுமானால் ஒரு பக்கத்தில் மட்டும் கண் கூட்ட வேண்டும். கூட்டிய பக்கம் நீண்டு வயிறாகும், கூட்டாத பக்கம் உள்ளே வளையும். அம்மா கண்டுபிடித்த பிழைக்குப் பிறகு அதை மூன்று தடவை பின்னினேன். கைபிடிக்கு 6 கண்ணில் ஒரு நீளக் குழாய், உள்ளே மின்சார வயரின் செப்புக் கம்பி. கோப்பைகள் சரியாமல் நிற்க உள்ளே யோகட் கப்பை வெட்டி வைத்தேன். கடையில் விற்கும் அழகான செட்டுகளுக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. என்னுடையதற்குள் நாங்கள் சாப்பிட்டு முடித்த யோகட் கப்தான் இருக்கிறது.

முதல் ரோஜா வந்த விதம் தனிக் கதை. படத்தோடு வந்த குறிப்பில் இதழுக்கு 'டபிள்' போடச் சொல்லியிருந்தது. போட்டேன். இதழ் எழும்பவே இல்லை. பட்டன் மாதிரிப் படுத்துக் கிடந்தது. நூல் சரியில்லையோ, ஊசி சின்னதோ என்று இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது பிரித்தானிய வழக்கு. அதில் டபிள் என்றால் குட்டைக் கண். அமெரிக்கக்காரர் டபிள் என்பது அதைவிட உயரமான கண். அதற்கு எங்கள் டீச்சர் சொல்லித் தந்த பெயர் டிரெபிள். ஒரே பெயர், இரண்டு உயரம். வெள்ளைக்காரன் விட்டுப்போன எத்தனையோ சாமான்களோடு இந்தக் குழப்பமும் என் கையில் இருந்திருக்கிறது. இப்போது குறிப்பு எதுவானாலும் முதலில் தேடுவது 'சிங்கிள்' என்ற சொல்லைத்தான். அது இருந்தால் அமெரிக்கக் குறிப்பு. பிரித்தானிய வழக்கில் சிங்கிள் என்ற கண்ணே கிடையாது.

அந்த ரோஜாவின் பூர்வீகம் இன்னும் பெரிய கதை. அடுக்கடுக்காக ஓர் இதழுக்குப் பின்னால் இன்னோர் இதழ் வரும் அந்த ரோஜாவை ஐரிஷ் ரோஜா என்பார்கள். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்தது. கிழங்கைத் தவிர வேறு சாப்பாடில்லாத ஏழைச் சனம். பஞ்சத்தில் பத்து இலட்சம் பேரளவில் செத்துப்போனார்கள். மிஞ்சிய பெண்களுக்குக் கன்னியர் மடங்களில் கொக்கி ஊசியைக் கொடுத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். ரோஜா, இலை, மூவிலைக் கிளாவர் என்று தனித்தனியாகப் பின்னி, பிறகு வலைப் பின்னலால் இணைப்பது அவர்கள் முறை. வசதியானவர்களின் கழுத்துப் பட்டிக்கும் சட்டைக்கும் போன அந்தப் பூவை விற்ற காசில்தான் பல வீடுகளில் உலை கொதித்தது. அதே கருகலுக்குத்தான் இங்கே நுவரெலியாவில் இன்றும் கிழங்குக்கு மருந்தடிக்கிறார்கள்.

அயர்லாந்தில் பெண்கள் ரோஜா பின்னிக்கொண்டிருந்த அதே 1840களில், எங்கள் சனம் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தது. தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். இரண்டே வருஷத்தில், 1869இல், கோப்பி இலையில் செம்மஞ்சள் துரு நோய் கண்டது. கோப்பி செத்தது, தேயிலை மலையேறியது. அங்கே கிழங்குக்கு வந்த நோயால் கொக்கி ஊசி பரவியது, இங்கே கோப்பிக்கு வந்த நோயால் தேயிலை பரவியது. இரண்டும் தலவாக்கலையில் என் மடியில் வந்து சேர்ந்திருக்கின்றன. நூல் சிக்கெடுக்கும்போது இப்படியெல்லாம் யோசனை ஓடும். அதனால்தான் கண் எண்ணிக்கை தப்புகிறது.

சரி, செட்டுக்கு வருவோம். பின்னி முடித்த துண்டுகளுக்கு விறைப்பு ஏற்ற வேண்டும். பழைய காலத்து மேசை லேஸ்களுக்குச் சீனிப் பாகு பூசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சீனியும் தண்ணீரும் சரிக்குச் சரி காய்ச்சி, பீரிசுகளைத் தோய்த்துப் பிழிந்து, பொலித்தீன் சுற்றிய நிஜப் பீரிசின் மேல் காய வைத்தேன். காய்ந்ததும் பார்க்க வேண்டுமே! தட்டினால் சத்தம் கேட்டது. படமெடுத்து அக்காவுக்கு அனுப்பியும் விட்டேன்.

அது ஜூன் மாதம். தென்மேற்கு மழை பிடித்தால் எங்கள் பக்கத்தில் சுவரே வியர்க்கும். மூன்றாம் நாள் காலை எழும்பிப் பார்த்தால் பீரிஸ் நாலும் பழைய ரொட்டிபோலத் தொங்கிப்போய், தொட்டால் விரலில் ஒட்டின. சீனி ஈரத்தை இழுக்கும் என்பது தேத்தண்ணிக்குச் சீனி போடுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. ஜன்னல் கட்டையிலிருந்து மேசைவரை எறும்பு ஒரே வரிசையாக வந்துகொண்டிருந்தது. ரோஜாவின் ஒவ்வோர் இதழுக்குள்ளும் நுழைந்து பார்த்து, நிதானமாகப் போனது. தேன் உண்டென்று நம்பிப் பூவுக்குள் போன எறும்புகளை ஏமாற்றவில்லை என்பது மட்டுமே எனக்குக் கிடைத்த ஆறுதல்.

அம்மா சிரிக்கவில்லை. "சோத்துக் கஞ்சிய வடிச்சித் தோய்ச்சிருக்கலாம்ல. ஓங்க தாத்தா வேட்டிக்கு வேற என்னாத்தப் போட்டோம்?" என்றார். எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி, கஞ்சி போட்டு, அதிலும் நம்பிக்கை வராமல் கடைசியில் பைண்டர் கம்மைத் தண்ணீரில் கரைத்து உள்பக்கமாக மட்டும் தூரிகையால் பூசினேன். அடுப்புக்கு மேலே கொடி கட்டி நாலு நாள் காய வைத்தேன். ரோஜாச் செட் ஒருவழியாகக் கனடா போனது. லேசாக அடுப்புப் புகை மணத்தோடு போயிருக்கும்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். அந்த ரோஜாச் செட்டைப் பெட்டியில் அடுக்கும்போதே மனதில் ஒன்று அரித்தது. தேயிலைச் செட்டென்று சொல்கிறோம், தேயிலை நாட்டிலிருந்து அனுப்புகிறோம். அதில் ஏன் ரோஜா? தேயிலைக்கும் பூ உண்டே.

"அம்மா, தேயிலைப் பூ எங்கம்மா இருக்கும்?"

"தேயிலப் பூவா? அது எதுக்கு ஒனக்கு?" முகத்தைச் சுளித்தார். வீட்டில் சிலந்தி வலை எங்கே இருக்கும் என்று விருந்தாளி கேட்டால் எப்படிச் சுளிப்போமோ, அப்படி.

தேயிலை, விட்டால் மரமாகும் சாதி. அதை இடுப்பு உயரத்தில் கவ்வாத்து வெட்டி, ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை இரண்டிலையும் மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே இருந்தால், செடி தன் சத்தையெல்லாம் திரும்பத் திரும்பக் கொழுந்தாகத் தள்ளும். கைபடாமல் விட்டுவிட்டால், அல்லது வரட்சியில் வாடினால், பூவும் காயுமாகப் போய்விடும். "பூத்த செடியில கொழுந்து ஏது? ஒரு மலையில பூ கெடந்திச்சின்னா ஆள் போகலன்னு அர்த்தம். தொரை கங்காணியக் கேப்பாரு, கங்காணி எங்களக் கேப்பாரு" என்றார் அம்மா. அந்தக் காலத்தில் விதைக்காவது பூ வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் போட்டதெல்லாம் விதைத் தேயிலை. இப்போது நடுவது வீபி, தண்டை வெட்டிப் பதியம் வைப்பது. எங்கள் தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகங்கள்தான் மலையெங்கும். அதில் பேர்போன ஒன்று 2025. ஆண்டென்று நினைத்துவிடாதீர்கள், செடியின் பெயரே அதுதான். ஆக, பூவால் இப்போது யாருக்கும் ஒரு வேலையும் இல்லை.

34 வருஷம் அம்மாவின் விரல் செய்த வேலையை இப்படியும் சொல்லலாம்: தேயிலையைப் பூக்க விடாமல் பார்த்துக்கொண்டது.

பூ கிடைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மேலே ஏறினால், ஆள் பற்றாமல் கைவிட்ட ஒரு மலை இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கையில் அங்கே வரிசை வரிசையாகப் பெண்கள் நிற்பார்கள். பத்து மணிக்குத் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார்கள். இப்போது தேயிலை என் தலைக்கு மேலே நிற்கிறது. நடுவில் மானாப் புல்லும் காட்டுச் செடியும். உள்ளே நுழைந்தேன். காலில் அட்டை ஏறியதை வீட்டுக்கு வந்துதான் கண்டேன்.

கிளையின் அடியில், இலைக் கக்கத்தில், தலை குனிந்து தொங்கியது பூ. மேலிருந்து பார்த்தால் தெரியாது, இலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மொட்டு பச்சைப் பட்டாணிபோல உருண்டையாக இருந்தது. ஒரு கிளையைக் கொண்டுவந்து பேப்பரில் வைத்துப் பிரித்தேன். இதழ் 7. வெளியே இரண்டு சின்னது, முதுகில் பச்சை படிந்தது. உள்ளே ஐந்து பெரியது, கிண்ணம்போலக் குழிந்து, மெழுகு தடவியதுபோல் தடிப்பாக. வெள்ளை என்று சொல்ல முடியாது, பாலாடை நிறம். நடுவில் மஞ்சள் கேசரம் நூற்றுக்கு மேலிருக்கும். எண்ணத் தொடங்கி அறுபதில் விட்டுவிட்டேன். காம்பைத் தட்டியபோது இதழும் கேசரமும் ஒரே வளையமாகக் கழன்று விழுந்தன. பூவின் இந்தச் சுபாவம் எனக்கு வேலையைச் சுலபமாக்கியது. பூவையும் ஒரே வளையமாகப் பின்னலாம் அல்லவா?

நூல்தான் சிக்கல். தலவாக்கலையிலும் அட்டனிலும் வெள்ளை கிடைத்தது, பாலாடை நிறம் கிடைக்கவில்லை. வெள்ளையில் ஒரு பூ பின்னிப் பார்த்தேன், அச்சு அசல் மல்லிகை. வெள்ளை நூலைச் சாயத் தண்ணியில் போட்டு எடுத்தேன். வெறும் தேத்தண்ணிதான், தோட்டத்துத் தூள். ஐந்து நிமிடத்தில் எடுத்தால் பாலாடை, பத்து நிமிடம் விட்டால் பழைய வேட்டி. தேயிலைப் பூவுக்குத் தேயிலைச் சாயமே ஏறியதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். கேசரத்துக்கு மஞ்சள் நூலை வளையம் வளையமாக அடர்த்தியாக இழுத்து விட்டு, கத்தரியால் வெட்டி, ஊசியால் கோதிவிட்டேன். பூவை மூடிமேல் நிமிர்த்தி வைக்கவில்லை. கைபிடியின் கீழ்வளைவில், தலை குனிந்தபடி தைத்தேன். கோப்பையிலும் அப்படித்தான். தூக்கிப் பார்த்தால்தான் பூ தெரியும்.

படத்தைப் பார்த்த டொரண்டோ அக்கா கேட்டார்: "வடிவா இருக்கு தங்கச்சி. இது மல்லிகையோ?" தேயிலைப் பூ என்றேன். கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, "தேயிலை பூக்குமே? இவ்வளவு காலம் குடிச்சும் எனக்குத் தெரியாது" என்று எழுதினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தேயிலையோடு பிறந்து வளர்ந்த எங்கள் லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவருடைய சிநேகிதிக்கு ஒரு செட் வேண்டுமாம். ரோஜாவே போதுமாம்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். முதல் செட்டை விற்றது 9,500 ரூபாய்க்கு. நூல், பஞ்சு, கம்பி, கம் எல்லாம் 1,900. மிச்சம் 7,600. பிரித்துப் பிரித்துப் பின்னியதைச் சேர்க்காமலே 60 மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்தை ஒரு நாளென்று வைத்தால் நாளுக்கு ஆயிரத்துப் பதின்மூன்று ரூபாய். எத்தனையோ வருஷம் கத்திக் கத்தி, 2021இல் வர்த்தமானியில் வந்ததே தோட்டச் சம்பளம் 1,000 ரூபாய், கிட்டத்தட்ட அதேதான். 2024இல் அது 1,350க்கு ஏறியும் விட்டது. என் கொக்கி ஊசிக்கு இன்னும் ஏறவில்லை. அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப முழுப்பேர் போட்டுட்டன்னு சொல்லு" என்றார். முழுப்பேர் என்றால் முழுநாள் சம்பளம். பறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும், அதனால் இது பாராட்டு. பிறகு கேட்டார், "ஈ.பி.எப். உண்டா?"

தேயிலைப் பூச் செட் விற்கவில்லை. அலமாரியின் மேல் தட்டில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்ச நாள் அம்மா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாவு பிசைந்துகொண்டிருக்கையில் கேத்தலை இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூவைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் விரல் போன இடம் வேறு. மூடியின் உச்சியில், பிடித்துத் தூக்குவதற்காக, பச்சை நூலில் இரண்டிலையும் மொட்டும் பின்னி வைத்திருந்தேன். அதன் காம்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்தார். அந்தப் பிடி எனக்குத் தெரியும். ஒரு நொடி, கிள்ளிவிடுவாரோ என்று பயந்தே போனேன்.

"எலை முத்தலாப் போச்சி புள்ள. ரெண்டாவது எலைக்கு இவ்வளவு கரும்பச்சை ஆகாது. இத ஸ்டோருக்குக் கொண்டுபோனா கழிச்சிருவாங்க."

மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நூல் பையைக் கொட்டினேன். இருந்த ஐந்து பச்சையில் அவர் தொட்டது இளம் மஞ்சள் கலந்த பச்சை. மொட்டை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு இலையையும் பிரிக்கச் சொன்னார்.